சிவிலைசேஷன் 7: நாகரிகம் மாறுவதுதான் குற்றமா?

கேள்வி, 2025 பிப்ரவரி 12

ஒரு நாகரிகத்தைப் பழங்காலம் முதல் வளர்த்துச் செல்லும் சிவிலைசேஷன் என்ற கணினி ஆட்டத்தின் ஆறாம் பாகத்தை எட்டு ஆண்டுகளாக ஆடுகிறேன். ரோமாகத் தொடங்கினால் விண்கலம் ஏவும்வரை ரோமாகவே இருப்பேன். இந்த வரிசை ஆட்டங்களின் சுவையே அதுதான். ஏழாம் பாகத்தில் நடுவழியில் இரண்டு தடவை நாகரிகத்தை மாற்றச் சொல்கிறார்கள். ஆட்டத்தையே கெடுத்துவிட்டார்கள் என்பது என் கட்சி. இல்லை என்பவர் காரணம் சொல்லட்டும்.

2025 பிப்ரவரி 13

இல்லை என்பவன் நான். முதலில் ஒரு கேள்வி. ஆறாம் பாகத்தில் தொடங்கிய ஆட்டங்களில் எத்தனையை நீங்கள் முடித்தீர்கள்? என் கணக்கு பத்துக்கு இரண்டுகூடத் தேறாது. பாதி ஆட்டத்திலேயே யார் வெல்லப்போகிறார்கள் என்று தெரிந்துவிடும். அதன்பிறகு நாற்பது நகரங்களும் ஒவ்வொரு முறையும் "அடுத்து என்ன கட்டட்டும்" என்று கேட்டு நிற்கும். வென்றுவிட்டேன் என்று எனக்குத் தெரியும், கணினிக்குத்தான் தெரியாது. அதற்குத் தெரிவிக்க இன்னும் ஐந்து மணி நேரம் உட்கார வேண்டும். உட்காராமல் புது ஆட்டம் தொடங்குவேன்.

ஏழாம் பாகம் இந்த நோய்க்குத்தான் மருந்து கொடுக்கிறது. பழங்காலம், கடலோடும் காலம், நவீன காலம் என்று மூன்று யுகங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் கோடு போட்டு எல்லோரையும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு இழுத்து வருகிறார்கள். தலைவர் அப்படியே இருப்பார், நாகரிகம் மட்டும் மாறும். கன்பூசியஸ் எகிப்தை ஆளலாம். சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டே நாளில் ஓர் ஆட்டத்தை முழுதாக முடித்துவிட்டேன். எனக்கு அது சாதனை.

2025 பிப்ரவரி 13, இரவு

திரையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். மோசம். வரைபடத்தின் ஒரு கட்டத்தில் கட்டடம் வைத்தால் +3 என்று காட்டுகிறது. அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வாய் திறப்பதில்லை. பழைய பாகங்களில் மவுஸை மேலே வைத்தாலே குலம் கோத்திரம் எல்லாம் சொல்லும்.

2025 பிப்ரவரி 15

இரண்டாவது ஆட்டம். நேற்று நடந்ததை எழுதினால் கேள்வி கேட்டவருக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

பழங்கால யுகத்தின் பெரும்பகுதி முழுக்க, கணினி ஆடும் எதிரித் தலைவர் ஷெர்க்சஸ் என்னைத் தூங்கவிடவில்லை. என் எல்லையோரம் ஊர் வைத்தார், ஒற்றனை அனுப்பினார், கடைசியில் படையும் எடுத்தார். பொறுத்துப் பொறுத்துப் படை திரட்டி அவருடைய தலைநகரை மூன்று பக்கமும் வளைத்தேன். யுகம் முடிய ஏழெட்டு முறை (டர்ன்) பாக்கி இருக்கும் என்பது என் கணக்கு. எனக்கு ஐந்து போதும். இரண்டாவது முறையிலேயே வேறு யாரோ ஒருவர் ஏதோ ஒரு மைல்கல்லைத் தொட்டார். யுகம் எவ்வளவு கடந்தது என்று காட்டும் யுகக் கணக்கு ஒரே தாவலில் நூறு விழுக்காடாகிவிட்டது. திரை இருண்டது, பின்னணிக் குரல் காலம் மாறியதைப் பற்றி இரண்டு வரி அழகாகச் சொன்னது. வெளிச்சம் வந்தபோது போர் இல்லை, முற்றுகை இல்லை, முன்வரிசையில் நின்ற படையும் இல்லை. ஷெர்க்சஸ் ஒன்றுமே நடக்காததுபோல் வணக்கம் சொன்னார்.

வழக்கு தீர்ப்புக்கு வந்த நாளில் நீதிமன்றத்தையே இடித்துவிட்டதுபோல் இருந்தது. கணினியை அணைத்துவிட்டேன்.

2025 பிப்ரவரி 16

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். படை முழுவதும் மறைந்துவிடவில்லை. படைத்தலைவருடன் சேர்த்து வைத்திருந்த அணிகள் அடுத்த யுகத்துக்கும் வரும், தனியாகத் திரிந்தவற்றில் பெரும்பாலானவைதான் போகும். நான் மொத்தம் ஒரே ஒரு படைத்தலைவரை வைத்துக்கொண்டு பதினோரு அணிகளை மேய்த்துக்கொண்டிருந்தேன். அது என் குற்றம். ஆனால் போரை நிறுத்தியது என் குற்றமில்லை. அந்தப் பத்தியைத் திரும்பப் பெறமாட்டேன்.

யுகம் மாறும்போது தலைநகரைத் தவிர மற்ற நகரங்கள் எல்லாம் ஊர்களாக, அதாவது எதையும் கட்டாத சிறு குடியிருப்புகளாக, இறங்கிவிடும் என்பதையும் கவனியுங்கள். யுகத்துக்கு வைத்திருக்கும் நான்கு இலக்குப் பாதைகளில் பொருளாதாரப் பாதையைப் பழங்காலத்தில் முழுதாக முடித்து அதற்குரிய பொற்காலத்தைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் நகரங்கள் நகரங்களாகவே நீடிக்கும். முதல் ஆட்டத்தில் இது தெரியாமல், ஆட்டத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து, சேமித்த இடத்துக்குத் திரும்பிப்போய் மறுபடி ஆடினேன். மறுபடியும் அதே "கோளாறு".

2025 பிப்ரவரி 18

படைத்தலைவர் என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த ஆட்டத்தில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். யுகங்களைப் பற்றியே எல்லோரும் சண்டை போடுவதால் இது கவனிக்கப்படாமலே கிடக்கிறது.

பழைய கதை தெரியாதவர்களுக்கு: 2005-இல் வந்த நான்காம் பாகத்தில் ஒரே கட்டத்தில் எத்தனை அணிகளை வேண்டுமானாலும் அடுக்கலாம். முப்பது அணிகளின் குவியல் ஒன்று நகரத்தை நோக்கி வரும், நீங்களும் ஒரு குவியலை அனுப்புவீர்கள், எந்தக் குவியல் பெரியது என்பதுதான் போர். 2010-இல் ஐந்தாம் பாகம் அறுகோணக் கட்டங்களைக் கொண்டுவந்து, கட்டத்துக்கு ஒரே ஓர் அணி என்று விதித்தது. சண்டை நுட்பமானது, பயணம் நரகமானது. மலைக்கணவாயில் பத்து அணிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடத்தியவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். ஆறாம் பாகமும் அதே வழியில்தான் போனது.

ஏழாம் பாகத்தில் நான்கு அணிகள் ஒரு படைத்தலைவருக்குள் மூட்டை கட்டிக்கொள்கின்றன. வழியெல்லாம் நீங்கள் நகர்த்துவது ஒரே ஒரு காயை. களத்துக்கு வந்ததும் மூட்டையை அவிழ்த்துப் பரப்பலாம். அனுபவப் புள்ளியும் தலைவருக்கு மட்டும்தான். அவர் விழுந்தாலும் சில முறைகள் கழித்துத் திரும்பி வருகிறார், கற்றதை மறக்காமல். தொடக்கத்தில் இது எனக்குப் பிடிக்கவில்லை. ஆறாம் பாகத்தில் என் முதல் வில்லாளி அணியைத் துப்பாக்கிக் காலம்வரை காப்பாற்றிப் பெயரும் வைத்திருப்பேன். இங்கே வீரர்களுக்கு முகமே இல்லை. ஆனால் மூன்றாவது ஆட்டத்தில் பழங்காலத்திலிருந்து வந்த ஒரு படைத்தலைவர் நவீன யுகத்தில் பீரங்கிகளை வழிநடத்தினார். யுகமாற்றம் அழிக்காமல் விட்ட ஒரே பழைய முகம் அவர்தான். அந்தப் பாசம் இப்போது இவருக்குப் போய்விட்டது.

2025 பிப்ரவரி 18

கப்பல் செல்லும் ஆறுகளும் நன்று. உள்நாட்டில் பத்திரமாக இருப்பதாக நினைத்த நகரத்தை ஆற்றுவழி வந்து அடித்துவிட்டார்கள். திட்டிக்கொண்டே ரசித்தேன்.

2025 பிப்ரவரி 22

சோழரைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறார்கள். கடலோடும் யுகத்தின் நாகரிகங்களில் ஒன்று. பழங்காலத்தில் மௌரியராக ஆடினால் வழி திறக்கும், பிறகு முகலாயராகலாம். வங்காள விரிகுடாவைத் தாண்டி 1025-இல் ஸ்ரீவிஜயத்தின்மீது படை அனுப்பியவர்களுக்கு எந்த யுகம் பொருந்துமோ அதில்தான் வைத்திருக்கிறார்கள். போர்க்கப்பலின் பெயர் கலம். தனிக் கட்டடங்கள் இரண்டு: மணிக்கிராமம், அஞ்சுவண்ணம். கல்வெட்டில் மட்டுமே பார்த்த வணிகக் குழுக்களின் பெயர்களை ஓர் ஆட்டத்தில் சொடுக்கிக் கட்டுவேன் என்று நினைத்ததில்லை. இரண்டையும் ஒரே கட்டத்தில் வைத்தால் அந்தப் பகுதிக்கு "ஐந்நூறு பிரபுக்கள்" என்ற பொருளில் பெயர் வருகிறது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவைத்தான் சொல்கிறார்கள். வணிகர்களைப் பிரபுக்களாக்கிவிட்ட மொழிபெயர்ப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

அசோகரைத் தலைவராக வைத்து மௌரியராகத் தொடங்கிச் சோழருக்கு வந்தேன். தலைநகர் பாடலிபுத்திரம். யுகம் மாறினாலும் நகரின் பெயர் மாறாது, நானாக மாற்றவும் வழியில்லை. பாடலிபுத்திரத்திலிருந்து ஆளும் சோழன். போகட்டும், தஞ்சைப் பெரிய கோயிலையாவது கட்டுவோம் என்று பார்த்தால், அதைக் கட்டுவதில் ஹவாய்க்காரர்கள் நான்கு முறை (டர்ன்) வித்தியாசத்தில் முந்திக்கொண்டார்கள். 1010-இல் முடிந்த கோயிலுக்கு இப்படி ஒரு மாற்று வரலாறு.

2025 பிப்ரவரி 23

மேலே சிரித்ததைத் திரும்பப் பெறுகிறேன். ஐயாவொளே ஐந்நூற்றுவர் தங்களைச் சுவாமிகள் என்றே அழைத்துக்கொண்டவர்கள். பிரபுக்கள் என்பது சரியான மொழிபெயர்ப்புதான். ஆட்டத்தை அமைத்தவர்கள் என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறார்கள். பாடலிபுத்திரம் பற்றிய புகார் அப்படியே இருக்கிறது.

2025 மார்ச் 2

கேள்வி கேட்டவர், "ஆக நீங்களும் என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள்" என்கிறார். வரவில்லை. இரண்டு வாரமாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு எரிச்சல் தருவது நாகரிகம் மாறுவது இல்லை. ஐந்து ஆட்டம் முடித்தபின் இப்போதுதான் பிடிபடுகிறது.

ஒவ்வொரு யுகத்திலும் நான்கு மரபுப் பாதைகள்: அறிவியல், பண்பாடு, பொருளாதாரம், படை. பழங்காலத்தில் பண்பாட்டுக்கு ஏழு உலக அதிசயங்கள், அறிவியலுக்குப் பத்துச் சுவடிகள். அதுவரை சரி. அவரவர் நிலத்துக்கு ஏற்ப வேறு வேறு விதமாகச் செய்யலாம். கடலோடும் யுகத்தில்தான் கயிறு இறுகுகிறது. பொருளாதாரம் வேண்டுமா? கடல் கடந்து போய் ஊர் வை, அங்குள்ள சரக்கைப் புதையல் கப்பலில் ஏற்று, தாயகத்துக்குக் கொண்டுவந்து இறக்கு, முப்பது புள்ளி சேர். படையா? கடல் கடந்து போய் ஊர் பிடி. பண்பாடா? ஒரு மதத்தை நிறுவி, ஊர் ஊராகப் போதகரை அனுப்பித் திருச்சின்னங்கள் பன்னிரண்டு சேர். உங்கள் ஊரை மற்றவர் மாற்றுவதைத் தடுக்க வழி இல்லை. அவர் மாற்ற, நீங்கள் திருப்பி மாற்ற, அவர் மறுபடி மாற்ற. ஈ ஓட்டுவதுபோல். அறிவியல் பாதை ஒன்றுதான் வீட்டிலேயே இருந்து செய்யக்கூடியது.

சோழராக ஆடும்போது இது எதுவும் உறைக்கவில்லை. அவர்கள் கடலோடிகள், கப்பல் விடுவது அவர்கள் இயல்பு. அடுத்த ஆட்டத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் சோங்காய். ஆற்றங்கரையில் வளமாக வாழ வழி இருந்தும் அறுபதாவது முறையில் நான் கப்பல் கட்டிக்கொண்டிருந்தேன். அதற்கடுத்துச் சீனாவின் மிங். மறுபடியும் கப்பல், மறுபடியும் நான்கு தீவு. மங்கோலியருக்கு விதிவிலக்கு உண்டு, தங்கள் சொந்தக் கண்டத்தில் நகரம் பிடித்தாலும் படைப் பாதையில் புள்ளி கிடைக்கும். வேறு வழி வைத்தால் ஆட்டம் எவ்வளவு உயிர் பெறுகிறது என்பதற்கு அந்த ஒரு நாகரிகமே சாட்சி.

ஆகவே கேட்டவருக்கு என் பதில்: வேடம் மாறுவதால் கெடவில்லை. எல்லா வேடத்துக்கும் ஒரே வசனத்தைக் கொடுத்ததால் கெட்டது.

2025 மார்ச் 3

கடைசி வரியைப் படித்துப் பார்த்தால் கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டதுபோல் இருக்கிறது. பழங்கால யுகம் அப்படி இல்லை. அது மட்டும் தனி ஆட்டமாக வந்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

2025 மார்ச் 9

எதிராளிக் கணினி பற்றி. மேல்நிலைக் கடினத்தில் அது புத்திசாலியாவதில்லை, பணக்காரனாகிறது. விளைச்சலிலும் சண்டை வலிமையிலும் கூடுதல் எண்களை அள்ளிக் கொடுக்கிறார்கள். இது இந்த வரிசையில் காலகாலமாக உள்ளதுதான். ஆடுபுலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. அங்கேயும் சமமில்லை. ஆனால் புலிக்கு ஒரு விதி, ஆட்டுக்கு ஒரு விதி, அந்த வேற்றுமையிலிருந்துதான் ஆட்டமே பிறக்கிறது. இங்கே விதி ஒன்றே, எதிராளியின் பையில் காசு மட்டும் கூட. அதனால் முதல் ஐம்பது முறை மூச்சுத் திணறும், பிறகு ஒருநாள் திடீரென்று திணறல் நின்றுவிடும்.

ஊர் வைக்கும் இடத்திலும் அதற்கு அறிவு குறைவு. என் இரண்டு நகரங்களுக்கு நடுவே, தன் எல்லையிலிருந்து வெகு தொலைவில், பனிக்கட்டம் ஒன்றில் வந்து உட்கார்ந்தது. பிறகு நான் அதன் எல்லைக்கு அருகில் இருப்பதாகக் கோபித்துக்கொண்டது.

தலைவர்கள் பேசும் காட்சியும் எனக்கு ஒட்டவில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பழைய பாகங்களில் எதிரி என் கண்ணைப் பார்த்துத் திட்டுவார். இங்கே என் பொம்மையைத் திட்டுகிறார், நான் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறேன். சூழ்ச்சி அரசியலுக்குப் பெயர்போன மாக்கியவெல்லி பேசும்போது மட்டும் அந்த இடைவெளி பொருத்தமாகத்தான் இருக்கிறது.

2025 மார்ச் 9

செல்வாக்கு என்ற நாணயத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். பழைய பாகங்களில் இராஜதந்திரம் என்பது "உன் குதிரைக்கு என் உப்பு" என்ற பேரம். இப்போது அதற்கென்று தனி வருமானம் உண்டு, சேர்த்து வைத்துச் செலவழிக்கலாம். இரண்டு பேர் போரிட்டால் நான் ஓர் ஆளையும் அனுப்பாமல் ஒரு பக்கத்துக்குச் செல்வாக்கைக் கொட்டி மறுபக்கத்து மக்களைப் போரில் சலிப்படையச் செய்யலாம். செய்தேன். ஷெர்க்சஸுக்குத்தான்.

2025 மார்ச் 29

25-ஆம் தேதி வந்த அப்டேட்டில் நகரங்களுக்குப் பெயர் மாற்றும் வசதி கொடுத்துவிட்டார்கள். பழைய சேமிப்பைத் திறந்து பாடலிபுத்திரத்தைத் தஞ்சாவூர் ஆக்கினேன். பிறகு, அசோகர் அங்கே உட்கார்ந்திருப்பது உறுத்தியது. மறுபடி பாடலிபுத்திரமே ஆக்கிவிட்டேன்.

2025 ஏப்ரல் 13

இந்த யோசனை புதிதல்ல என்று ஒருவர் நினைவூட்டினார். உண்மைதான். 2021-இல் வந்த ஹியூமன்கைண்ட் ஆட்டத்திலும் யுகத்துக்கு யுகம் பண்பாட்டை மாற்றிக்கொண்டே போகலாம். அதில் என் சிக்கல் வேறு: எதிரி யார் என்றே நினைவில் நிற்காது. நேற்று பாபிலோன், இன்று வேறு யாரோ. ஏழாம் பாகத்தில் தலைவரின் முகம் மாறாததால் பகை நிலைக்கிறது. நான் இதுவரை எழுதியதைப் படித்துப் பாருங்கள், ஷெர்க்சஸ் எந்த நாகரிகத்தை ஆண்டார் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எனக்கே நினைவில்லை. அவர்மீதுள்ள கோபம் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

அப்படியானால் நாகரிகம் எதற்கு என்று கேட்பீர்கள். அந்த இடத்தில் எனக்குப் பதில் தடுமாறுகிறது.

2025 ஏப்ரல் 13, சற்றுப் பின்

தடுமாற்றம் தீரவில்லை. ஊர் முறையைப் பாராட்டிவிட்டு உறங்கப் போகிறேன். ஊர்கள் எதையும் கட்டுவதில்லை, உழைப்பெல்லாம் பொன்னாக மாறிவிடும், தேவையானதை அந்தப் பொன்னைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். "அடுத்து என்ன கட்டட்டும்" என்று அவை கேட்பதே இல்லை. நாற்பது நகரங்கள் தொந்தரவு செய்த காலம் போயிற்று. தோட்டம் போடவும் சுரங்கம் வெட்டவும் அலைந்த வேலையாட்களும் இல்லை. நகரம் வளர்ந்தால் கட்டத்தைச் சுட்டிக் காட்டினால் போதும்.

2025 ஆகஸ்ட் 10

நான்கு மாதமாகத் தொடவில்லை. திரும்பி வந்து பார்த்தால் நிறைய மாறியிருக்கிறது. வெளிவந்தபோது இல்லாத பெரிய வரைபடங்கள் வந்துவிட்டன. யுக முடிவில் வரும் நெருக்கடிகளை வேண்டாமென்று அணைக்கலாம். யுகம் மாறும்போது படைகளைக் கலைக்காமல் நின்ற இடத்திலேயே நிற்கவைக்கும் தேர்வும் இருக்கிறது. பிப்ரவரியில் நான் அழுததை யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

நெருக்கடியை உடனே அணைத்தேன். கொள்ளைநோய், கலகம், எதுவும் இல்லாமல் பழங்காலம் சுமுகமாக முடிந்தது. சப்பென்று இருந்தது. அடுத்த ஆட்டத்தில் மறுபடி போட்டுவிட்டேன். வேண்டாதது கழிந்தால் ஆட்டம் நன்றாகும் என்ற என் கணக்கு இத்துடன் எத்தனையாவது தடவை பொய்க்கிறது என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

நவீன யுகம் இன்னும் பலவீனம்தான். பண்பாட்டு வெற்றிக்குத் தொல்பொருள்கள் பதினைந்து தோண்டி எடுத்து உலகக் கண்காட்சி நடத்த வேண்டும். மற்ற மூன்று பாதைகளும் சூடு பிடிப்பதற்குள் இது முடிந்துவிடுகிறது. விமானங்களைப் பறக்கவிட்டுப் பார்க்கக்கூட நேரமில்லை. முன்பு முடிவு நீண்டுகொண்டே போகிறது என்று புலம்பியவன், இப்போது சீக்கிரம் முடிகிறது என்கிறேன்.

2025 டிசம்பர் 7

கேள்வி கேட்டவருக்கு ஒரு செய்தி. ஒரே நாகரிகத்தை மூன்று யுகமும் வைத்துக்கொண்டு ஆடும் வழியைச் சோதித்துப் பார்க்கப்போவதாக ஆட்டத்தை உருவாக்கியவர்கள் கடந்த மாதம் அறிவித்துவிட்டார்கள். பத்து மாதம் கழித்து உங்கள் கட்சி வென்றது. வாழ்த்துகள். நான் ரோமை விண்வெளிவரை ஓட்டிப் பார்ப்பேன் என்றுதான் நினைக்கிறேன், ஒரு தடவை. அந்த ரோமும் அறுபதாவது முறையில் கப்பல் கட்டிக்கொண்டு நிற்குமா என்பதுதான் எனக்குள்ள கேள்வி.

2025 டிசம்பர் 8

நேற்றிரவு புது ஆட்டம். மூன்று படைத்தலைவர்கள், பன்னிரண்டு அணிகள், ஒன்றுகூடத் தனியாகத் திரியவில்லை. எதிரி வரிசையில் ஷெர்க்சஸ் வந்திருக்கிறார். யுகக் கணக்கு 93 விழுக்காடு, நான் அவர் மதிலுக்கு வெளியே நிற்கிறேன். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.